ஒல்லி உடம்பு, உயர்ந்த சர்க்கரை

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு குடியிருக்கலாம் என்பதற்கு 1989 முதல் ஒரு வரம்பு உண்டு. இனங்கள் தனித்தனி வட்டாரங்களாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த விதி அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். ஒரே குழாய்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஒரே உணவங்காடி நிலையத்தில் அடுத்தடுத்த மேசைகளில் சாப்பிடுகிறார்கள். மூன்று இனத்தாரின் உடம்பையும் ஒரே சூழலில் வைத்து ஒப்பிட விரும்பும் மருத்துவ ஆய்வாளருக்கு இதைவிட வசதியான ஊர் அதிகம் கிடையாது.

ஒப்பீடு அந்த விதிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1975இல் சிங்கப்பூரில் நடந்த நீரிழிவு ஆய்வில் பெரியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் நூற்றுக்கு ஆறு. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு வந்தபோது மொத்த விகிதம் 11.3 விழுக்காட்டுக்கு ஏறியிருந்தது. சீனரிடையே 9.7, மலாய்க்காரரிடையே 16.6, இந்தியரிடையே 17.2. அண்மை ஆண்டுகளின் ஆய்வுகளில் மொத்த விகிதம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இனங்களுக்கு இடையிலான இடைவெளி மட்டும் மூடவில்லை.

2016இல் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நாடாளுமன்றத்தில் நீரிழிவின்மீது போர் அறிவித்தார். மறு ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் லீ சியன் லூங் தம் தேசிய தினப் பேரணி உரையில் பாலர் பள்ளி, அறிவார்ந்த தேசம் ஆகியவற்றோடு நீரிழிவையும் பொருளாக எடுத்துக்கொண்டார். அறுபதைத் தாண்டிய இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு இந்த நோய் இருப்பதாக அவர் சொன்ன கணக்கு அன்று பல வீடுகளில் பேச்சானது. தேசிய தின உரையில் ஒரு நாட்டுத் தலைவர் ரத்தச் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறார் என்றால் நிலைமை எங்கே போயிருக்கிறது என்று தனியே விளக்க வேண்டியதில்லை.

"நம்மாளுங்க இனிப்பு அதிகம் சாப்பிடுறாங்க, அதான்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த விளக்கத்தில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடித்ததில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு.

உணவிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்ற சிறு உயிரணுக் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றிலுள்ள பீட்டா உயிரணுக்கள் குளுக்கோஸ் கூடுவதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் வந்ததும் தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்லீரல் தன் பங்குக்குச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவைக்கும். இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் பழுதாவது, இன்சுலினுக்கு இவை காட்டும் இந்தச் செவிசாய்ப்பு. முன்பு தட்டினாலே திறந்த கதவு இப்போது இடித்தால்தான் திறக்கிறது. கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைக் கொட்டி ஆண்டுக்கணக்கில் சமாளிக்கிறது. அதுவரை ரத்தச் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும், பரிசோதனைச் சீட்டும் நல்ல செய்தியே சொல்லும். பீட்டா உயிரணுக்கள் களைத்து, சுரப்பு குறையத் தொடங்கிய பிறகே சர்க்கரை ஏறுகிறது. ஆக, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும் நாளில் நோய்க்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கலாம். (பிள்ளைப் பருவத்திலும் இளமையிலும் அதிகம் வரும் முதல் வகை வேறு. அங்கே உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா உயிரணுக்களை அழித்துவிடுகிறது; இனிப்புக்கோ பருமனுக்கோ அதில் பங்கு கிடையாது.)

செவிசாய்ப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை நேரடியாக அளக்க ஒரு முறை உண்டு, கொஞ்சம் முரட்டு முறை. ஆளைப் படுக்கவைத்து ரத்தக்குழாய் வழியே இன்சுலினை ஒரே சீராக ஏற்றுவார்கள். சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க அதே நேரத்தில் குளுக்கோஸும் ஏறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துக் குளுக்கோஸைக் கூட்டுவதும் குறைப்பதுமாக மணிக்கணக்கில் இது நடக்கும். சர்க்கரையை ஒரே அளவில் நிறுத்திவைக்க எவ்வளவு அதிகம் குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, அந்த உடம்பு இன்சுலினுக்கு அவ்வளவு நன்றாகச் செவிசாய்க்கிறது என்று பொருள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கூ சின் மெங், தை ஈ ஷியோங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீரிழிவு இல்லாத சீன, மலாய், இந்திய ஆடவர்களிடம் இப்படி அளந்து பார்த்தார்கள். சீனரிலும் மலாய்க்காரரிலும் ஒல்லியானவர்களின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாகப் பணிந்தது, பருமன் கூடக் கூடப் பணிவு குறைந்தது. எதிர்பார்த்ததுதான். இந்தியரிடமோ ஒல்லியானவர்களிலேயே பணிவு குறைந்திருந்தது.

"வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு" என்பது இதற்குக் கிடைத்த முதல் விளக்கம். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் இதைத் தம் உடம்பை வைத்தே காட்டினார். லண்டன் ஆய்வாளர் ஜான் யூட்கினும் அவரும் அருகருகே நிற்கும் படம் 2004 ஜனவரியில் லான்செட் இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் பிஎம்ஐ குறியீடு இருவருக்கும் 22.3. உடம்பிலுள்ள கொழுப்பு யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசுக்கு இருவரும் ஒன்று, கணையத்துக்கு இல்லை. யாக்னிக்கின் குழு புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் அளந்தது. ஆங்கிலேயக் குழந்தைகளைவிட அவை எடையில் மிகச் சிறியவை. தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தாயின் வயிற்றில் பட்ட பற்றாக்குறைக்கும் பின்னால் கிடைக்கும் தாராளச் சாப்பாட்டுக்கும் இடையே சிக்கிய உடம்பு இது என்பது அவருடைய வாதம்.

எல்லாப் பழியையும் உள்கொழுப்பின் தலையில் போட முடியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூர்க் குழுவினர் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் இருந்த கொழுப்பை எம்ஆர்ஐயில் அளந்து, அதன் பங்கைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். இந்தியருக்கும் மற்றவருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அப்போதும் மறையவில்லை. மரபணு, தசையின் தன்மை, கருவிலேயே எழுதப்பட்ட பழக்கம் என்று ஆய்வு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

யாக்னிக்கின் படம் வந்த அதே லான்செட் இதழில், அதற்கு முந்தைய பக்கங்களில், சிங்கப்பூரின் பெயர் தாங்கிய இன்னோர் அறிக்கை இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2002 ஜூலையில் சிங்கப்பூரில் கூடி, ஆசியர்களுக்கு எந்த பிஎம்ஐ ஆபத்தானது என்று விவாதித்ததன் முடிவு அது. ஐரோப்பியருக்கு 25க்கு மேல் போனால்தான் எச்சரிக்கை. ஆசியர் 23லிருந்தே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று அவர்கள் எழுதினார்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2005இல் சிங்கப்பூருக்கு அந்த எண்களை ஏற்றுக்கொண்டது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆளுக்கு 23 என்பது ஏறத்தாழ 66 கிலோ. அந்த எடைக்காரரைப் பார்த்து நம் வீட்டுப் பெரியவர்கள் "என்னப்பா, இளைச்சுட்டே?" என்றுதான் கேட்பார்கள். இடுப்புச் சுற்றளவு இன்னும் நம்பகமான சாட்சி: ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தையல்காரரின் நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

உடம்பு வெளியே காட்டும் அடையாளம் ஒன்று உண்டு, நாம் அதை நோயோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து மெத்தென்று தடிக்கும். அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ் என்பது மருத்துவப் பெயர். ரத்தத்தில் அளவுக்கு மீறி மிதக்கும் இன்சுலின் தோல் உயிரணுக்களைத் தூண்டிப் பெருகச் செய்வதால் வருவது. நம் வீடுகளில் இதை அழுக்கு என்று நினைத்துப் பிள்ளையின் கழுத்தைப் பயத்தம் மாவு போட்டுத் தேய்க்கிறார்கள், எலுமிச்சம்பழத்தால் தேய்க்கிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் செய்தி. பதின்ம வயதுப் பிள்ளையிடம் இதைக் கண்டால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

மற்ற அறிகுறிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. அடங்காத தாகம், இரவில் நாலைந்து முறை சிறுநீர், காரணமில்லாமல் எடைக்குறைவு, மங்கும் பார்வை, ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைத் தொற்று. இவை வந்துவிட்டால் நோய் முற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவைத் தாண்டும்போதுதான் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் தாகம். அந்த அளவுக்குக் கீழே பல ஆண்டுகள் சத்தமே இல்லாமல் கழியும்.

எண்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு, ஊருக்கும் இங்கேயுமாக வாழும் குடும்பங்களுக்காக. தமிழ்நாட்டில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்கிறார்கள், சிங்கப்பூரில் மில்லிமோலில். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு. மதுரையில் அம்மாவுக்கு 180 என்றால் இங்கே அது 10. "எனக்கு வெறும் எட்டுதான், அம்மாவுக்கு நூற்றெண்பது" என்று தொலைபேசியில் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் மகனுக்குத் தன் எட்டு ஊர்க்கணக்கில் 144 என்பது தெரிவதில்லை. வெறும் வயிற்றில் 7.0 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 11.1 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. எச்பிஏ1சி வேறு வகை. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்று அது பார்க்கிறது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் கடந்த மூன்று மாதக் கணக்கு அதில் பதிவாகியிருக்கும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்ற நினைப்பவர்களின் குட்டு உடைவது இங்கேதான்.

ஏறிய சர்க்கரை செய்யும் சேதமெல்லாம் ரத்தக்குழாய்களின் வழியே நடக்கிறது. நுண்குழாய்கள் கெட்டால் கண், சிறுநீரகம், நரம்பு. பெருங்குழாய்கள் கெட்டால் இதயம், மூளை, கால். சிங்கப்பூரில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு நீரிழிவே காரணம். கண்ணைப் பொறுத்தவரை செய்தி கொஞ்சம் நல்லது. பலதுறை மருந்தகங்களில் எடுக்கும் விழித்திரைப் படங்களை ஒரே மையத்தில் பார்த்துச் சொல்லும் திட்டம் 2010 முதல் நடக்கிறது. ஏறத்தாழ ஐந்து லட்சம் விழித்திரைப் படங்களைக் கொண்டு இங்கே உருவாக்கிச் சோதித்த செலீனா பிளஸ் என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் ஆய்வு முடிவு 2017இல் வெளிவந்து உலக அளவில் பேசப்பட்டது. விழித்திரைக் கோளாறு வலிக்காது. பார்வை மங்கும் முன் படத்தில் மட்டும் தெரியும். அப்போதே பிடித்தால் லேசர், ஊசி மருந்துகளால் பார்வையைக் காப்பாற்றலாம்.

கால் விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். சிங்கப்பூரில் நீரிழிவால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 கால் துண்டிப்புகள், அதாவது நாளுக்கு நான்கு, என்ற கணக்கு பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. சுண்டுவிரலையும் முழங்காலையும் சேர்த்த எண்ணிக்கை இது. தொடக்கம் பெரும்பாலும் அற்பமானது. செருப்பு கடித்த கொப்புளம், நகம் வெட்டும்போது பட்ட கீறல், குளியலறையில் இடித்த விரல். நரம்பு செத்திருப்பதால் வலி இல்லை. வலி இல்லாததால் கவனம் இல்லை. ரத்த ஓட்டம் குறைந்திருப்பதால் புண் ஆறுவதில்லை, உயர்ந்த சர்க்கரையில் கிருமி வேகமாகப் பரவுகிறது.

நம்மவருக்கு இதில் தனி ஆபத்து உண்டு. வீரமாகாளியம்மன் கோவிலோ பெருமாள் கோவிலோ, செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சுற்றுவோம். பகல் வெயிலில் கல்தரை சுடும்போது நல்ல கால் தானாக வேகமாக நகரும். உணர்விழந்த கால் நின்ற இடத்திலேயே வெந்துவிடும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடக்கும் பக்தர்களில் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்! நேர்த்திக்கடனை விடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. போவதற்கு முன் மருத்துவரிடம் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். சில நிமிட வேலை. தெரியவில்லை என்றால், முருகனுக்கு வேறு நேர்த்திக்கடன் செலுத்த வழி உண்டு.

லிட்டில் இந்தியாவுக்கு இந்த நோயோடு இன்னொரு தொடர்பும் உண்டு. புக்கிட் தீமா சாலையோரம் நிற்கும் கேகே மருத்துவமனை 1924இல் மகப்பேற்று மருத்துவமனையானது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் எருமைத் தொழுவங்கள் இருந்த நினைவில் வந்த பெயர், கண்டாங் கெர்பாவ். நம் முதியவர்களுக்கு இன்றும் அது "தேக்கா ஆஸ்பத்திரி"தான். 1966இல் ஒரே ஆண்டில் 39,835 பிரசவங்கள் பார்த்து உலகச் சாதனை படைத்த இடம். இந்த மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 2009 முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களையும் பிள்ளைகளையும் ஆண்டுதோறும் தொடர்ந்து வருகிறது கஸ்டோ ஆய்வு. அதில் ஏறத்தாழ ஐந்து தாய்மாரில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது.

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாத் தாய்மாரிடமும் இன்சுலின் செவிசாய்ப்பைக் குறைக்கின்றன. சிசுவுக்குக் குளுக்கோஸ் தாராளமாகப் போகட்டும் என்பது இயற்கையின் ஏற்பாடு. கணையத்தில் சேமிப்பு குறைவாக உள்ளவர்கள் இந்தச் சோதனையில் தோற்கிறார்கள். குழந்தை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தாய்க்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரைவிடக் குறைந்தது ஏழு மடங்கு. "பிள்ளை வயிற்றில் இருந்தப்போ கொஞ்சம் சர்க்கரை இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு" என்று சொல்லும் அக்காமார் நம்மிடையே நிறைய. அது போகவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரமளவில் ஒருமுறை, அதன்பின் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வதே அதற்குப் பதில்.

மருந்துகளுக்கு வருவோம். 2008இல் சிங்கப்பூரில் ஒரு விசித்திரம் நடந்தது. ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் 150 பேர் ஐந்து பொது மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள், யாருக்கும் நீரிழிவு இல்லை. எல்லாருக்கும் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. ஏழு பேர் நினைவிழந்தார்கள், நான்கு பேர் இறந்தே போனார்கள். பெரும்பாலோரின் ரத்தத்தில் கிளிபென்கிளமைடு இருந்தது. அது ஒரு பழைய நீரிழிவு மாத்திரை. தேடிப் பார்த்ததில், கள்ளச்சந்தையில் விற்ற ஆண்மை ஊக்க மாத்திரைகளிலும் போலி சியாலிஸ் மாத்திரைகளிலும் அது கலந்திருந்தது. எந்தத் தொழிற்கூடத்தில் எப்படிக் கலந்ததோ, வாங்கித் தின்றவர்கள் வெட்கப்பட்டு உண்மையைச் சொல்லத் தயங்கியதால் காரணத்தைப் பிடிக்க மருத்துவர்கள் திணறினார்கள்.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம், கிளிபென்கிளமைடும் அதன் உறவுக்கார மாத்திரைகளும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இது போல் வேறெதுவும் விளக்காது என்பதுதான். சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பாராமல் அவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். நோயாளிக்கு அது நன்மை, ஆனால் சாப்பாட்டை விட்டால் அவருக்கும் அதே ஆபத்து. மாத்திரையை விழுங்கிவிட்டுச் சஷ்டி விரதம் இருப்பவரும், அளவை மாற்றாமல் ரமலான் நோன்பு பிடிப்பவரும் இதை அறிந்திருக்க வேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் தெரிந்தால் சர்க்கரை 4க்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். விரதத்தை அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். மூத்தவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் மருத்துவர்கள் கிளிபென்கிளமைடைத் தவிர்ப்பதும் இதனால்தான்.

இன்று பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படுவது மெட்ஃபார்மின். ஐரோப்பிய நாட்டு மருந்துச் செடி ஒன்றின் வேதிப்பொருளை ஒட்டி உருவான மருந்து. பாரிஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் 1957இல் அதை நீரிழிவுக்குப் பயன்படுத்தி எழுதினார். கல்லீரல் சர்க்கரை உற்பத்தி செய்வதை அடக்கும், தனியாக எடுத்தால் சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளாது, விலையும் மலிவு. "மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பயம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. சிறுநீரகம் மிகவும் தளர்ந்துவிட்டால் மெட்ஃபார்மினைக் குறைக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். மருத்துவர் நிறுத்தியதைப் பார்த்தவர்கள் மருந்துதான் கெடுத்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கெடுத்தது பல ஆண்டுச் சர்க்கரையும், அதோடு கைகோத்து வந்த ரத்த அழுத்தமும்.

புதிய மருந்துகளில் ஒரு வகை சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கவே செய்கிறது. ஆப்பிள் மரப்பட்டையில் கிடைத்த ஒரு பொருளிலிருந்து வளர்ந்த கிளிஃப்லோசின் மருந்துகள் அவை. அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். இன்னொரு வகை குடல் ஹார்மோனைப் போன்று நடித்துப் பசியையும் சர்க்கரையையும் குறைக்கும் ஊசிகள். அவற்றில் முதலாவது அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லியினம் ஒன்றின் உமிழ்நீரிலிருந்து பிறந்தது. இன்சுலின் ஊசியைக் கடைசிக் கட்டம் என்று நினைத்து அழுகிறவர்கள் இருக்கிறார்கள். 1922 ஜனவரியில் டொரண்டோவில் சாவின் விளிம்பில் கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனை அந்த ஊசிதான் எழுப்பி உட்காரவைத்தது. கணையம் களைத்தவருக்கு வெளியிலிருந்து இன்சுலின் கொடுப்பது தண்டனை ஆகாது.

மருந்துக்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு சான்று. மருத்துவர் அம்பாடி ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் நின்றவர்களை மூன்று ஆண்டு தொடர்ந்தார்கள். உணவைத் திருத்தி நடையைக் கூட்டியவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்ததாக 2006இல் எழுதினார்கள். அதே காலத்து அமெரிக்க ஆய்வில் 58 விழுக்காடு. நம் உடம்பில் பலன் குறைவு என்று சலிக்கலாம். உடம்பு பெரிதாக இளைக்காமலே கிடைத்த பலன் அது என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தத் திருத்தம் சிங்கப்பூரில் எங்கே தொடங்க வேண்டும்? பானங்களில் அரசாங்கம் ஏற்கெனவே கை வைத்துவிட்டது. 2022 டிசம்பர் 30 முதல் புட்டிப் பானங்களுக்கு ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் குறி, மறு ஆண்டு முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. அதற்கு விளம்பரமே செய்யக் கூடாது. தேக்காவில் சர்க்கரையில்லாத "தே ஓ கோசோங்" கேட்பவர்கள் இப்போது கணிசமாகத் தென்படுகிறார்கள், சர்க்கரையை முழுதும் விட மனமில்லாதவர்கள் "சியூ தாய்" என்கிறார்கள். நல்லது. ஆனால் கோப்பையில் கோசோங், தட்டில் மூன்று பரோட்டா என்றால் கணக்கு நேராகாது. மைதாவும் வெள்ளை அரிசியும் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் இறங்குகின்றன. நம் இனிப்பு பெரும்பாலும் சோற்று வடிவில் வருகிறது என்பது இந்த நோயில் நாம் ஒப்புக்கொள்ள மறுக்கும் செய்தி.

சோற்றை விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன். சாப்பிடும் வரிசையை மாற்றலாம். சிங்கப்பூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜெயகுமார் ஹென்றியின் குழு, காய்கறியை முதலிலும் இறைச்சியை அடுத்தும் சோற்றைக் கடைசியிலும் உண்டவர்களுக்கு, அதே உணவை வேறு வரிசையில் உண்டபோது ஏறியதைவிடச் சர்க்கரை குறைவாக ஏறுவதைக் கண்டது. சோதனைக்கு வந்தவர்கள் ஆரோக்கியமான சீனர்கள், ஆனாலும் நாரும் புரதமும் வயிற்றைக் காலியாக விடாமல் தாமதப்படுத்தும் விதம் எல்லார் வயிற்றிலும் ஒன்றுதான். ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைக் கடைகளில் சோறு வருவதற்கு முன் கூட்டும் பொரியலும் இலையில் விழுந்துவிடுகின்றன. அவற்றைத் தொட்டுக்கொள்ளவென்று ஒதுக்கி வைக்காமல் முதலில் காலி செய்யுங்கள், மீன் துண்டையும் அடுத்து முடித்துவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இரண்டாவது முறை சோறு போட வருபவரிடம் கையை இலைமேல் விரிக்கும் துணிவு தானாக வரும். சாப்பிட்டு முடித்ததும் லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலேறாமல் ஃபேரர் பார்க் வரை நடந்து போங்கள். இயங்கும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். செவிசாய்ப்பு குறைந்த உடம்புக்கு இதைவிடச் சுருக்கான உதவி கிடையாது.

சிங்கப்பூரர்களுக்கு 40 வயதிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சலுகைக் கட்டணத்தில் பரிசோதனை உண்டு. நம்மவருக்கு அந்த வயது தாமதம் என்பது என் கருத்து. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலோ, இடுப்பு எல்லையைத் தாண்டியிருந்தாலோ, பிடரி கறுத்திருந்தாலோ, கர்ப்பத்தில் சர்க்கரை வந்திருந்தாலோ முப்பதிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர்களான தம்பிமாரே, இளமையை நம்பி இருந்துவிடாமல், தங்குவிடுதி மருத்துவ நிலையத்துக்கு அடுத்த முறை போகும்போது "சர்க்கரையும் பாத்துடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். நோய் ஏற்கெனவே இருப்பவர்கள் எச்பிஏ1சியோடு நின்றுவிடாமல் விழித்திரைப் படம், சிறுநீரில் ஆல்புமின், பாதச் சோதனை மூன்றையும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள். இந்த மூன்றில் எதுவுமே வலிக்காது.